கரையில் பொறுக்கும் பிளாஸ்டிக்குக்கும் உலகம் சூடாவதற்கும் என்ன தொடர்பு?

வெள்ளவத்தைக் கடற்கரையில் மாதாமாதம் பிளாஸ்டிக் பொறுக்கும் குழு ஒன்றில் இருக்கும் ஒரு தங்கச்சி கேட்ட கேள்வி இது: “எங்கள் குழுவில் இதைக் காலநிலை மாற்றத்துக்கு எதிரான வேலை என்று சொல்கிறார்கள். பிளாஸ்டிக் குப்பை ஒரு பிரச்சினை, உலகம் சூடாவது வேறொரு பிரச்சினை இல்லையா? இரண்டுக்கும் உண்மையிலேயே தொடர்பு இருக்கிறதா, அல்லது பதாகையில் எழுத நன்றாக இருக்கும் என்று சேர்த்துச் சொல்கிறார்களா?”

தொடர்பு இருக்கிறது தங்கச்சி, அதுவும் ஒன்றல்ல, பல. ஆனால் எல்லாம் ஒரே பலமுள்ளவை என்று சொல்ல மாட்டேன். மிகப் பெரிய தொடர்பைப் பற்றி அதிகம் பேர் கதைப்பதில்லை. மிகச் சிறியவைதான் அடிக்கடி செய்தித் தலைப்பாகின்றன. நான் இரசாயனவியல் படிப்பிக்கிறவன் ஆனபடியால், எது எவ்வளவு என்ற கணக்கோடு சொல்கிறேன்.

பெரியதிலிருந்து தொடங்கலாம். உலகில் செய்யப்படும் பிளாஸ்டிக்கில் ஏறக்குறைய 99 சதவீதத்துக்கு மூலப்பொருள் மசகு எண்ணெய், இயற்கை வாயு, நிலக்கரி ஆகியவைதான். பஸ்ஸுக்கு ஊற்றும் டீசலும் கையில் தொங்கும் சொப்பிங் பேக்கும் ஒரே கிணற்றில் பிறந்தவை. நிலத்தடியிலிருந்து எடுத்ததைச் சுத்திகரித்து, 800 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, பெரிய மூலக்கூறுகளை உடைத்து எதிலீன் என்ற வாயுவை எடுக்கிறார்கள். அந்த எதிலீனைச் சங்கிலியாகக் கோத்தால் பொலிஎதிலீன். நாங்கள் பொலித்தீன் என்று சொல்வது இதைத்தான். அவ்வளவு சூட்டை உண்டாக்க வேறு எரிபொருளை எரிக்க வேண்டும்.

இதன் மொத்தக் கணக்கைப் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்தி அமைப்பு போட்டிருக்கிறது. 2019 இல் உலகில் 46 கோடி தொன் பிளாஸ்டிக் பயன்படுத்தப்பட்டது. அதன் வாழ்நாள் முழுவதிலிருந்தும் வெளியான பச்சைவீட்டு வாயுக்கள், அதாவது உலகைச் சூடாக்கும் வாயுக்கள், 180 கோடி தொன். உலக மொத்தத்தில் 3.4 சதவீதம். அதே ஆண்டு உலகத்து விமானங்கள் எல்லாம் சேர்ந்து விட்ட காபனீரொட்சைட்டைவிட இது அதிகம். இதில் கவனிக்க வேண்டியது, அந்த 180 கோடியில் 90 சதவீதம் எண்ணெய் எடுப்பதிலும் பிளாஸ்டிக் செய்வதிலும் வெளியாகிறது. குப்பையாகும் கட்டத்தில் வெளியாவது மிச்சமுள்ள 10 சதவீதம்தான்.

ஆகவே கரையில் நீங்கள் குனிந்து எடுக்கும் போத்தல், காலநிலைக்குச் செய்ய வேண்டிய கெடுதியில் பெரும்பங்கை, உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே எங்கோ ஒரு தொழிற்சாலையில் செய்து முடித்துவிட்டது. அதை எடுப்பதால் அந்த வாயு திரும்பி வராது. உங்கள் வேலையைக் குறைத்துச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. கணக்கு தெரியாமல் செய்தால் முயற்சி தவறான இடத்தில் போய் நிற்கும், அதனால்தான்.

எண்ணெய்க் கம்பனிகளுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். மின்சாரக் கார்கள் கூடக்கூட பெற்றோல் விற்பனை குறையும். அந்த எண்ணெயை வேறு எங்கே விற்பது? சர்வதேச எரிசக்தி முகமை 2018 இலேயே சொன்னது: 2050 வரை எண்ணெய்த் தேவையில் வரும் அதிகரிப்பில் ஏறக்குறைய பாதி பிளாஸ்டிக் முதலான பெற்றோலிய இரசாயனங்களுக்காக இருக்கும். பிளாஸ்டிக் மாசைத் தடுக்க உலக ஒப்பந்தம் ஒன்று செய்வது என்று 2022 மார்ச்சில் நைரோபியில் நாடுகள் ஒத்துக்கொண்டன. 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் நடந்த பேச்சுவார்த்தையும் உடன்பாடு இல்லாமல் கலைந்தது. முட்டுக்கட்டை எங்கே என்றால், உற்பத்திக்கு உச்சவரம்பு வைப்பதா, குப்பையை மட்டும் கையாள்வதா என்பதில். எண்ணெய் உற்பத்தி நாடுகள் உச்சவரம்பே வேண்டாம் என்கின்றன. காலநிலை மாநாடுகளில் நடக்கும் அதே இழுபறிதான் அங்கேயும் நடக்கிறது, பெரும்பாலும் அதே நாடுகளால்.

சரி, இப்போது எங்கள் ஊருக்கு வருவோம். கொழும்பில் இருப்பவர்களுக்கு எனக்குத் தெரிந்த மிக நெருக்கமான தொடர்பு மழை. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

காற்று ஒரு பாகை சூடானால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறக்குறைய 7 சதவீதம் கூடும். ஆனபடியால் பெய்யும்போது ஒரேயடியாகக் கொட்டுகிறது. 2016 மே மாதம் களனி பெருகியதைக் கொலன்னாவ, வெல்லம்பிட்டிப் பக்கம் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்தபோது மறுபடி அதே இடங்களில் தண்ணீர். நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். வெள்ளம் வடிந்த பிறகு வேலிகளிலும் மரக்கிளைகளிலும் பொலித்தீன் தொங்கிய உயரத்தைப் பார்த்தே தண்ணீர் எதுவரை வந்தது என்று சொல்லக்கூடியதாக இருந்தது. கண்ணுக்குத் தெரிந்தது அது. தெரியாதது ஆற்றின் அடியில் இருந்தது.

ஆற்றுப் படுக்கையில் உள்ள மண்ணும் சேறும் வருடக்கணக்காக நுண்பிளாஸ்டிக்கைப் பிடித்து வைத்திருக்கின்றன. நுண்பிளாஸ்டிக் என்றால் 5 மில்லிமீற்றரை விடச் சிறிய துண்டுகள்: உடைந்த பைகளின் துணுக்கு, வாகன டயர் தேய்ந்து வரும் தூள், பொலியெஸ்டர் உடுப்பு கழுவும்போது உதிரும் நார், இப்படி. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பகுதி ஆறுகளில் ஒரு பெரிய வெள்ளத்துக்கு முன்னும் பின்னும் படுக்கை மண்ணை எடுத்துப் பார்த்தார்கள். 2018 இல் வெளியான முடிவின்படி, படுக்கைகளில் இருந்த நுண்பிளாஸ்டிக்கில் ஏறக்குறைய 70 சதவீதத்தை அந்த ஒரு வெள்ளக்காலம் அள்ளிக்கொண்டு போயிருந்தது. பல வருடச் சேமிப்பு ஒரு சில நாளில் கடலுக்குப் போய்விட்டது.

களனி கங்கையை இதே கண்ணால் பாருங்கள். மலையகத்தில் மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்து உருவாகி, கித்துல்கல, அவிசாவளை, கடுவெல என்று ஒவ்வொரு ஊரின் கானையும் வாங்கிக்கொண்டு மட்டக்குளிக்கும் வத்தளைக்கும் இடையில் கடலில் விழுகிறது. வழியில் அம்பத்தலேயில் எடுத்துச் சுத்திகரிக்கும் தண்ணீரைத்தான் கொழும்பின் பெரும்பகுதி குடிக்கிறது. நகரத்துக்குள் சென் செபஸ்தியன் கால்வாய், வெள்ளவத்தைக் கால்வாய், தெஹிவளைக் கால்வாய். கோடையில் இவற்றின் அடியில் படிந்து கிடப்பதை முதல் பெருமழை கிளப்பிவிடும். நீங்கள் துப்புரவு செய்த கரை அடுத்த மழைக்குப் பிறகு மறுபடி பழையபடி இருப்பதற்குக் காரணம், அங்கே வருகிறவர்கள் போட்டது மட்டும் அல்ல. மேலே இருக்கும் முழு ஆற்றுப் படுகையும் உங்கள் கரையில் வந்து கொட்டுகிறது.

இந்தத் தொடர்பு மறுபக்கமாகவும் வேலை செய்கிறது. கானில் பொலித்தீன் அடைத்தால் சாதாரண மழையே வெள்ளமாகும். பங்களாதேஷ் 2002 இல் மெல்லிய பொலித்தீன் பைகளைத் தடை செய்தது, உலகிலேயே முதலாவது நாடாக. பெரு வெள்ளங்களின்போது டாக்காவின் வடிகால்களை அந்தப் பைகள் அடைத்துக்கொண்டதுதான் அதற்குப் பெரிய காரணம். மழை கூடக்கூட பிளாஸ்டிக் கூடுதலாக நகர்கிறது, பிளாஸ்டிக் அடைக்க அடைக்க அந்த மழை கூடுதலாகக் கெடுதி செய்கிறது. கொட்டாஞ்சேனையிலோ கிராண்ட்பாஸிலோ ஒரு மாலை மழைக்குப் பிறகு முழங்கால் தண்ணீரில் நடந்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அடுத்து வெயில். பிளாஸ்டிக் தானாகவே உக்குவதில்லை. சூரியனின் புறஊதாக் கதிரும் வெப்பமும் அதன் சங்கிலியை அறுக்கின்றன. அது நொறுங்கிப் பொடியாகிறது, ஆனால் பிளாஸ்டிக்காகவே இருக்கிறது. கடலுக்குள் தண்ணீர் குளிர்ச்சி, மேலே பாசி படிந்து மறைத்துவிடும், அதனால் அங்கே நொறுங்குவது மெதுவாக. சுடுமணலில் கிடப்பது வெகு சீக்கிரம் நொறுங்கும். உலகம் சூடாகச் சூடாக இந்த வேகமும் கூடும். உங்கள் குழுவின் வேலைக்கு விஞ்ஞான ரீதியாக மிகப் பலமான காரணம் இதுதான்: முழுப் போத்தலாக இருக்கும்போது எடுத்தால் ஒரு கை போதும். ஒரு வருடம் கழித்து அதே போத்தல் ஆயிரக்கணக்கான துணுக்காகி மணலோடு மணலாகிவிட்டால் யாராலும் எடுக்க முடியாது. சில பைகளில் ‘உக்கக்கூடியது’ என்று அச்சிட்டிருப்பார்கள். அவற்றில் ஒரு வகை, ஒட்சியேற்றத்தைத் துரிதப்படுத்தும் சேர்மானம் கலந்த சாதாரண பொலித்தீன்தான். அது சீக்கிரம் நொறுங்கும், அவ்வளவுதான். நுண்பிளாஸ்டிக்கைப் பொறுத்தவரை அது சாதாரணப் பையைவிட மோசம் என்பது என் கருத்து.

வெயிலில் நொறுங்கும்போது இன்னொன்றும் நடக்கிறது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் சாரா ஜான் ரோயர் என்ற ஆய்வாளர் கடல்நீரில் உயிரினங்கள் வெளிவிடும் மெதேன் என்ற பச்சைவீட்டு வாயுவை அளந்துகொண்டிருந்தார். நீரை வைத்திருந்த பிளாஸ்டிக் போத்தல்களே மெதேன் விடுவதைக் கவனித்தார். தொடர்ந்து ஆராய்ந்து 2018 இல் வெளியிட்டார்: சாதாரணமாகப் பயன்படும் பிளாஸ்டிக் வகைகள் வெயில் பட்டால் மெதேனும் எதிலீனும் விடுகின்றன. மிக அதிகமாக விடுவது அடர்த்தி குறைந்த பொலிஎதிலீன், அதாவது பைகளின் பிளாஸ்டிக். ஒரு முறை வெயில் பட்டால் இருட்டிலும் அது தொடர்கிறது. துண்டு சிறிதாக ஆக, மேற்பரப்பு கூடுவதால், வாயுவும் கூடுகிறது.

இதைப் படித்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல். 2021 மே 20 ஆம் திகதி கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே தீப்பிடித்து, ஜூன் மாதம் மூழ்கியது. அதிலிருந்த சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் (உருக்கிப் பொருள் செய்வதற்கான சிறு உருண்டைகள்), பெரும்பாலும் பொலிஎதிலீன், கடலுக்குப் போயின. உலகில் பதிவான மிகப் பெரிய பிளாஸ்டிக் மணிக் கசிவு அது. சரக்குவ, பமுனுகம, நீர்கொழும்புக் கரைகளில் வெண்மணி முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடந்த படங்கள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. எரிந்து கருகிய கட்டிகளும் அவற்றோடு கலந்திருந்தன. மீனவர்கள் தொழிலுக்குப் போக முடியாமல் இருந்தார்கள். 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் கப்பல் தரப்பு 100 கோடி டொலர் இழப்பீடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த மணிகள் இன்னும் எங்கள் மேற்குக் கரை மணலில் இருக்கின்றன, தோண்டினால் வரும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பிளாஸ்டிக் விடும் மெதேனை, மாட்டுப் பண்ணையும் நெல்வயலும் எரிவாயுக் குழாய்களும் விடும் மெதேனோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறியது. ரோயரும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். பிளாஸ்டிக் துணுக்குகள்தான் உலகைச் சூடாக்குகின்றன என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எரிப்பது அப்படியல்ல, அது பெரிய கணக்கு. பொலிஎதிலீனில் ஒரு காபனுக்கு இரண்டு ஐதரசன், நிறை 14. எரிந்தால் ஒவ்வொரு காபனும் ஒரு காபனீரொட்சைட்டாகும், அதன் நிறை 44. 44 ஐ 14 ஆல் பிரித்தால் 3.1. ஒரு கிலோ பொலித்தீனைக் கொளுத்தினால் 3 கிலோவுக்கு மேல் காபனீரொட்சைட்டு. வீட்டு வளவில் கொளுத்தினால் அரைகுறையாக எரிந்து கரியும் நச்சுப் புகையும் சேரும், சாம்பலில் எரியாத துணுக்கு மிஞ்சும். ஒரே தீக்குச்சியில் இரண்டு கெடுதியும் நடக்கிறது.

இதில் கொழும்புக்கு ஒரு கடினமான சிக்கல் இருக்கிறது. 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, புதுவருட நாளன்று, மீதொட்டமுல்ல குப்பை மலை சரிந்து 30க்கும் மேற்பட்டோர் மண்ணோடு புதைந்தார்கள். மழையில் ஊறிய குப்பை அது. அதற்குப் பிறகு பழையபடி குவித்து வைப்பது பற்றி யாராலும் பேச முடியாமல் போனது, நியாயம்தான். 2021 இல் கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து 10 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் நிலையம் தொடங்கியது. குவிந்து கிடந்த குப்பை கால்வாய்க்கும் கடலுக்கும் போவதை அது குறைக்கிறது. உணவுக் கழிவு காற்றில்லாமல் அழுகி மெதேன் வருவதையும் குறைக்கிறது. ஆனால் அதில் எரியும் பிளாஸ்டிக் பங்கு, நேரே மசகு எண்ணெயை எரிப்பதற்குச் சமம். நுண்பிளாஸ்டிக்குக்கு நல்லது செய்யும் ஒரு வழி காலநிலைக்குக் கெடுதியாகும் இடம் இது. என்னிடம் கேட்டால், குப்பை சரிந்து ஆட்கள் சாகும் ஊரில் அந்த நிலையம் இருக்கட்டும் என்பேன். ஆனால் அது ஓட வேண்டும் என்பதற்காகப் பிளாஸ்டிக் தேவைப்படும் நிலை வந்துவிடக் கூடாது.

கடலுக்குள் நடப்பதையும் சொல்ல வேண்டும். மனிதர் விடும் காபனீரொட்சைட்டில் ஏறக்குறைய கால்வாசியைக் கடல் வாங்கிக்கொள்கிறது. அதில் ஒரு பகுதி வேலை நுண்ணுயிர்களுடையது. நீரில் மிதக்கும் நுண்ணிய தாவரமான தாவரப் பிளாந்தன் ஒளித்தொகுப்பில் காபனைப் பிடிக்கிறது, நுண்ணிய விலங்கான விலங்குப் பிளாந்தன் அதைத் தின்கிறது, அதன் கழிவு ஆழத்துக்குப் போய்ப் படிகிறது. ஆழத்துக்குப் போன காபன் நீண்ட காலம் மேலே வராது. ஆய்வுகூடத்தில் இந்தச் சிற்றுயிர்களுக்கு நுண்பிளாஸ்டிக் கலந்து கொடுத்தபோது, கழிவு மிதக்கும் தன்மை பெற்று மெதுவாகவே தாழ்ந்தது. மெதுவாகத் தாழ்ந்தால் வழியிலேயே சிதைந்து காபன் திரும்பக் கரையும். பெருங்கடல் அளவில் இதன் விளைவு இன்னும் அளந்து முடிக்கப்படவில்லை. ஆனாலும் இந்தப் பட்டியலில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது இதுதான். வாயுக் கசிவை அடைக்கலாம். கடலின் இந்த இயக்கம் தளர்ந்தால் அதைத் திருத்த எங்களிடம் கருவி இல்லை.

வானத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஜப்பானின் பூஜி மலை உச்சியில் முகில் நீரிலேயே நுண்பிளாஸ்டிக் இருந்ததை 2023 இல் கண்டார்கள். பிளாஸ்டிக் துணுக்கு உள்ள நீர்த்துளி, இல்லாத துளியைவிட 5 முதல் 10 பாகை வரை கூடிய வெப்பநிலையிலேயே உறைகிறது என்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2024 இல் காட்டினார்கள். முகில் உறையும் விதம் மாறினால் மழை பெய்யும் விதமும் மாறலாம். காற்றில் உள்ள துணுக்குகள் ஒளியைச் சிதறடிப்பதால் பூமி சூடாகுமா குளிருமா என்று நியூசிலாந்தின் லோரா ரெவெல் குழுவினர் 2021 இல் கணித்தார்கள். விளைவு பூச்சியத்துக்கு மிக அருகில் வந்தது. துருவக் கடல் பனியில் ஒரு லீற்றருக்கு 12,000 துணுக்குகள் வரை 2018 இல் எண்ணப்பட்டன. அந்தப் பனி உருகினால் அவையும் கடலுக்கு வரும்.

அப்படியென்றால் உங்கள் குழு என்ன செய்யலாம்? கடையில் வாங்காமல் விடும் ஒவ்வொரு பையும் போத்தலும், எண்ணெய் எடுப்பதிலும் பிளாஸ்டிக் செய்வதிலும் வெளியாகும் அந்த 90 சதவீதத்தைத் தொடுகிறது, பொறுக்குவது தொடுவதில்லை. அதனால் பொறுக்குவதோடு, மறுபடி நிரப்பும் முறைக்குப் பக்கத்துக் கடைகளைச் சம்மதிக்க வையுங்கள். துணிப்பை கொடுக்க விரும்பினால் வருடத்துக்கொன்று புதிதாக அச்சடித்துக் கொடுக்காதீர்கள். பருத்தி விளைவிக்கவும் நெய்யவும் செலவாகும் சக்தி அதிகம், ஒரு துணிப்பையை 50 முறைக்கு மேல் பாவித்தால்தான் காலநிலைக் கணக்கில் மெல்லிய பொலித்தீன் பையை அது வெல்லும். வீட்டில் இருக்கும் பழைய பையே போதும்.

பொறுக்கும் இடத்தையும் நாளையும் மாற்றிப் பாருங்கள். கொழும்பில் மழை கூடுதலாகக் கொட்டுவது ஏப்ரல், மே மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும். மழைக்குப் பிறகு கரையில் பொறுக்குவதைவிட, மார்ச்சிலும் செப்டெம்பரிலும் வெள்ளவத்தைக் கால்வாயின் இரு பக்கக் கான்களிலும் வாயிலும் எடுத்தால் ஒரு மணி நேரத்தில் பல மடங்கு கிடைக்கும், அதுவும் நொறுங்குவதற்கு முன். எடுத்ததைக் கொளுத்தாமல், கழுவக்கூடிய போத்தல்களைப் பிரித்து மீள்சுழற்சிக்குக் கொடுங்கள். ஒவ்வொரு தடவையும் எடை, வகை, எந்த இடம் என்பதை ஒரு கொப்பியில் எழுதுங்கள். பக்கத்தில் முந்திய வாரத்து மழைவீழ்ச்சியையும் குறித்துக்கொள்ளுங்கள், வளிமண்டலவியல் திணைக்களம் நாளாந்தம் வெளியிடுகிறது. இரண்டு பருவம் எழுதினால் எந்தக் கான் வாயிலாக எவ்வளவு வருகிறது என்று தெரியும். மாநகர சபையில் எந்த இடத்தில் முதலில் குப்பையைத் தடுக்கும் வலை போட வேண்டும் என்று கேட்கப் போகும்போது அந்தக் கொப்பியைக் கையோடு கொண்டு போகலாம்.